பதினாறாவது கை

கடிதத்தில் மொத்தமே நான்கு வரி. சட்டசபை உறுப்பினர் பதவியிலிருந்து சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்வதாகவும், அதை ஏற்றுக்கொள்ளும்படி சபாநாயகரை வேண்டுவதாகவும் டைப் அடித்திருந்தது. கீழே வலப்பக்கம் 'தையல்நாயகி' என்று கையெழுத்து. இடப்பக்கம் தேதி, 17-11-82.

சகாயநாதன் அதைத் தொடவில்லை. சட்டசபைச் செயலாளரின் மேஜைமேல் கிடந்த தாளை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மிஷன் வீதி மாடியில் துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன் பதினெட்டு வருஷம் பத்திரம் எழுதிப் பதியும் ஒரு நொத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். சொத்துப் பத்திரங்களில் எது அசல் கையெழுத்து, எது கள்ளக் கையெழுத்து என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே அவருடைய வேலை. அவர் சொன்னால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் என்று ஊரில் பேர். அந்தப் பேருக்காகத்தான் வெள்ளிக்கிழமை காலை கொட்டும் மழையில் ஆளுங்கட்சிக் கொறடா ராஜாங்கம் கார் அனுப்பி அவரை வரவழைத்திருந்தார்.

பக்கத்தில் உதவியாளர் கமலவேணி நின்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒட்டுக்கேட்டது போதும், இனி நேராகவே கேட்கலாம் என்று அந்த வேலையை விட்டு வந்தவள்.

பாண்டிச்சேரி சட்டசபையில் முப்பது பேர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள். அதற்கு மேல் மூன்று பேரை டெல்லி நியமிக்கும். தையல்நாயகி அந்த மூவரில் ஒருவர். மூன்று வருஷத்துக்கு முன் தாவீது மில்லில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டு இறந்த பதினோரு தொழிலாளிகளில் அவருடைய கணவர் மண்ணாங்கட்டியும் ஒருவர். அந்தச் சமயம் ஊர் கொதித்துப்போயிருந்தது. தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தியைச் சபையில் உட்காரவைத்தால் கொதிப்பு அடங்கும் என்று ஆளுங்கட்சி அவர் பெயரை டெல்லிக்கு அனுப்பியது. டெல்லி நியமித்தது.

"முப்பது பேரு தெருத் தெருவா கும்புட்டு உள்ள வர்றாங்க. மூணு பேரு தபால்ல வர்றாங்க" என்றாள் கமலவேணி. "இப்ப ஒருத்தரு தபால்லயே திரும்பிப் போறாரு."

ராஜாங்கம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிலைமையைச் சொன்னார். சபையில் மொத்தம் முப்பத்து மூன்று பேர். சபாநாயகரைச் சேர்த்து ஆளுங்கட்சிக்குப் பதினேழு. எதிர்ப்பக்கம் பதினாறு. திங்கட்கிழமை நம்பிக்கை ஓட்டு. சபாநாயகர் சமமாக வந்தால் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். ஆக, பதினாறுக்குப் பதினாறு என்று வந்தால் அவருடைய ஓட்டில் ஆட்சி தப்பிக்கும். தையல்நாயகி போய்விட்டால் பதினைந்துக்குப் பதினாறு. அவ்வளவுதான்.

கடிதம் புதன்கிழமை சாயங்காலம் சபாநாயகருக்கு வந்த தபால்களோடு தட்டில் கிடந்ததாம். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நிரூபிக்க வேண்டும் என்று சபாநாயகர் சொல்லிவிட்டார்.

சகாயநாதன் நிமிர்ந்து, அந்த அம்மாவையே கேட்டுவிட்டால் முடிந்ததே என்றார்.

"நேத்து வீட்டுக்கே போயிக் கேட்டேன். வாயே தொறக்கல. அந்தம்மா எப்பவும் அப்படித்தான். எழுதத் தெரியாது, பேசத் தெரியாது. யாரோ வேலை காட்டியிருக்காங்க. தேதி அவங்க கையில்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

சகாயநாதன் பையிலிருந்து மெல்லிய தாளை எடுத்து, கடிதத்தின் மேல் படாமல் அருகில் வைத்துத் தேதியை அப்படியே வரைந்துகொண்டார். பிறகு கொறடாவைத் தாழ்வாரத்துக்கு வரச் சொன்னார்.

எதிரே பூங்கா மழையில் மங்கித் தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தி மூன்று விஷயங்களைச் சொன்னார். கையெழுத்து ஊற்றுப்பேனாவில் போட்டது, நீலம் வெளிறிவிட்டது. தேதி பால்பாயிண்டில் எழுதியது, பளிச்சென்று இருக்கிறது. தாளின் மடிப்பில் டைப் எழுத்துகள் தேய்ந்து உதிர்ந்திருக்கின்றன. தேதியும் அதே மடிப்பின் மேல்தான் விழுந்திருக்கிறது, ஆனால் தேயவில்லை.

"இந்தக் கடிதத்துக்கு மூணு வயசு. தேதிக்கு ரெண்டே நாள் வயசு" என்றார். "தேதி போடாம கையெழுத்து வாங்கி இத்தனை நாள் யார் வெச்சிருந்தது?"

ராஜாங்கம் தாழ்வாரத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, எல்லாக் கட்சியிலும் உள்ள வழக்கம்தான் என்று தொடங்கினார். நியமன உறுப்பினர்களை ஊர் தேர்ந்தெடுக்கவில்லை. கட்சி சொன்னதால் வந்தவர்கள் நாளைக்குக் கட்சியை விட்டுப் போனால் என்ன செய்வது? அதனால் பதவியேற்ற அன்றே மூன்று பேரிடமும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, தேதியை மட்டும் விட்டு, தன் அறை பீரோவில் வைத்திருந்தார். அது திருட்டுப் போய்விட்டது. இதைச் சபாநாயகரிடம் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஆட்சி போகும்.

"ரெண்டுல எது விலை கொறச்சல்னு பார்த்துக்குங்க" என்றாள் கமலவேணி.

அந்த அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. பச்சை இரும்பு பீரோ. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி, கதவுக்குப் பின்னால் காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கியது. பீரோவுக்குப் பூட்டு, சாவிக்கு ஆணி என்று கமலவேணி முணுமுணுத்தாள்.

சகாயநாதன் உள்ளே இருந்த கோப்பைப் பிரித்தார். இரண்டு கடிதங்கள் இருந்தன. மற்ற இரண்டு நியமன உறுப்பினர்களுடையவை. இரண்டிலும் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை.

"எதிர்க்கட்சிக்காரன்தான் எடுத்திருக்கான்" என்றார் ராஜாங்கம்.

"அவன் எடுத்திருந்தா மூணையும்ல எடுத்திருப்பான்" என்றார் சகாயநாதன். "செருப்புக்கடையில பூந்து ஒத்தச் செருப்பை மட்டும் தூக்கிட்டு வர்றவன் யாரு?"

"ஒத்தக் கால் உள்ளவன்" என்றாள் கமலவேணி.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சகாயநாதன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு கடிதங்களையும் மறுபடி பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

அறையைக் கவனித்துக்கொள்ளும் பியூன் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு, புதன்கிழமை இங்கே யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். சாமிக்கண்ணு விரல்விட்டு எண்ணினான். வெளி ஆள் யாரும் வரவில்லை. டீ கொண்டுவந்த பலராமன் வந்தான், வாசலோடு போய்விட்டான். உறுப்பினர்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அருளானந்தம் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்க வந்தார், ஐயா இல்லை என்றதும் திரும்பிவிட்டார். வேறு யாரும் இல்லை.

கமலவேணி, சகாயநாதன் வரைந்து வைத்திருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இந்த ஏழுக்கு எதுக்கு இடுப்புல பெல்ட்டு?"

ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு ஓடியது. ஒன்றுகளுக்கு மேலே சாய்ந்த கூரை இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எண்களை அப்படித்தான் எழுதுவார்கள் என்றார் சகாயநாதன். ஒன்றுக்குக் கூரை போடுவதால், ஏழோடு குழம்பாமல் இருக்க ஏழுக்கு ஒரு கோடு. நொத்தேர் அலுவலகத்தில் தினமும் பார்த்தது. இப்போது அப்படி எழுதுகிறவர்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள். இந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்?

ராஜாங்கத்தின் முகம் மாறியது. ஒரே ஆள்தான் என்றார். அருளானந்தம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கணக்கனாகச் சேர்ந்து இன்னும் ஓய்வு பெறாமல் இருக்கிறவர். வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சல் என்று லீவு.

கொறடாவின் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருவரும் விழுப்புரம் ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் முழுக்க ஈரக்குடை வாடை. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஆளைப் பார்த்தால் தனக்குப் பிடிக்கவில்லை என்று கமலவேணி சொன்னாள். தனக்கும் பிடிக்கவில்லை என்றார் சகாயநாதன்.

ரெட்டியார்பாளையத்தில் அருளானந்தத்தின் வீடு கோவில் தெருவின் கடைசியில் இருந்தது. அவர் நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பற்று இல்லை, பக்கத்தில் மருந்தும் இல்லை. எழுந்து, பழைய பிரெஞ்சு மரியாதையோடு "வாங்க முசே" என்று சகாயநாதனுக்குக் கை கொடுத்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

சகாயநாதன் சுற்றி வளைக்கவில்லை. மெல்லிய தாளை அவர் முன் வைத்தார்.

அருளானந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பேப்பரின் ஓரத்தில் அதே தேதியைத் தன் கையால் எழுதிக் காட்டினார். அவருடைய ஏழின் கோடு வலப்பக்கம் மேலே ஏறியது. தாளில் இருந்த கோடு படுத்திருந்தது. அவருடைய ஒன்றுகள் ஒல்லியாக ஓடின. தாளில் இருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழுத்தி, நின்று நின்று எழுதியவை.

"என் கை இல்ல. ஆனா என் எழுத்துதான்" என்றார்.

கமலவேணி குனிந்து இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

அருளானந்தம் மெல்லச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் கையெழுத்து, இன்னொன்றில் தேதி. இரண்டையும் உறுப்பினரே எழுத வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. தையல்நாயகி பதவியேற்ற முதல் நாள், கணவர் பழக்கிக் கொடுத்திருந்த கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவோடு அடுத்த கட்டத்தின் முன் நின்றார். பின்னால் வரிசை காத்திருந்தது. நானே போட்டுவிடுகிறேன் என்று யாரோ கையை நீட்டினார்கள். அவர் பேனாவைத் தரவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. மறுநாள் சபை கூடுவதற்கு அரைமணி முன்னால் வந்து, அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், காட்டுங்கள் என்று கேட்டார். அருளானந்தம் ஒரு துண்டுத்தாளில் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து சபை கூடிய ஒரு நாளும் அந்தக் கட்டத்தை வேறு யாரும் நிரப்பியதில்லை.

"அந்தம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க. பேரும் தேதியும் தெரியும். ராஜினாமாவுக்கு அதுக்கு மேல இன்னா வேணும்?"

புதன்கிழமை சாயங்காலம் சபாநாயகரின் தபால் தட்டில் தையல்நாயகி ஒரு தாளை வைத்துவிட்டுப் போனதை அருளானந்தம் பார்த்திருந்தார். மறுநாள் விஷயம் வெளியே வந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் இருந்தால் கேட்பார்கள். கேட்டால் பொய் சொல்ல வராது. காய்ச்சல் என்றால் யாரும் வீடு தேடி வந்து கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாராம்.

வெளியே வந்ததும் கமலவேணி குடையை விரிக்காமல் நின்றாள். சாமிக்கண்ணு பொய் சொல்லவில்லை என்றாள். ஆள் என்று தான் நினைத்தவர்களைத்தான் அவன் விரல்விட்டு எண்ணினான். அந்த அம்மா வந்திருப்பார், நின்றிருப்பார், போயிருப்பார். அவனுக்கு அது ஒரு ஆள் வந்ததாகவே தோன்றியிருக்காது.

"ஒத்தக் கால் உள்ளவங்க ஒத்தச் செருப்பை எடுத்திருக்காங்க" என்றார் சகாயநாதன். "அது அவங்க செருப்பு."

சாரம் பகுதியில் தையல்நாயகியின் வீடு மில் தொழிலாளிகள் முன்பு குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்று. ஓடு ஒழுகியது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண், அறையெங்கும் பாத்திரங்களை வைத்து, நிறைந்ததை எடுத்து வெளியே கொட்டிவிட்டு மறுபடி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் யார் என்று சொன்னதும் தலையை அசைத்தார். உட்காரச் சொன்னார். பாத்திர வேலையை நிறுத்தவில்லை.

கடிதம் எப்படிக் கிடைத்தது என்று சகாயநாதன் கேட்டார். மறைக்கிற எண்ணமே அவரிடம் இல்லை. இதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பதுபோலச் சொன்னார். புதன்கிழமை கொறடாவின் அறைக்குப் போனார். சாமிக்கண்ணு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான், அவர் உள்ளே போனதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. சாவி ஆணியில் இருந்தது. கோப்பில் மூன்று தாள்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, தன் கையெழுத்து தெரியாதா?

"என் பேரு இருந்துச்சு, எடுத்துக்கினேன். என்னுதுதானே?"

கையெழுத்து வாங்கியபோது ராஜாங்கமே சொல்லியிருந்தாராம், நீங்கள் போகிறேன் என்று சொல்லும் கடிதம் இது, தேதி மட்டும்தான் பாக்கி, அதை நாங்கள் போட்டுக்கொள்வோம் என்று. சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாராம்.

ஏன் போட்டீர்கள் என்று சகாயநாதன் கேட்கவில்லை. கமலவேணிதான் கேட்டாள். அதில் கேலி இல்லை.

தையல்நாயகி ஒரு குண்டானைக் கொட்டிவிட்டு வந்தார். சுவரில் மண்ணாங்கட்டியின் போட்டோ இருந்தது. மில் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, கண்கள் மங்கிப்போயிருந்தன. அவர் அதைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார்.

சபையில் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கொறடா கண்ணாடியைக் கழற்றினால் கையைத் தூக்க வேண்டும், மாட்டிக்கொண்டால் இறக்க வேண்டும். தீ விபத்து விசாரணை அறிக்கை ஒருநாள் சபைக்கு வரும், அதுவரை பொறுமையாக இருங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மில்லின் பின்கதவை வெளிப்பக்கம் பூட்டி வைத்தது யார் என்று அதில் இருக்கும். அதற்காகத்தான் இத்தனை நாள் போய் உட்கார்ந்தார். வாய் திறந்து கேட்கவில்லை. வரும் என்று இருந்தார்.

செப்டம்பர் மாதம் ஒரு மத்தியானம் யாரோ எதையோ வேகமாகப் படித்தார்கள். பாதி இங்கிலீஷ். ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றினார். இவர் கையைத் தூக்கினார். எண்ணினார்கள். இந்தப் பக்கம் பதினாறு கை, அந்தப் பக்கமும் பதினாறு. சபாநாயகர் தன் ஓட்டை இந்தப் பக்கம் போட்டார். மேஜையைத் தட்டினார்கள். இவரும் தட்டினார்.

இந்த மாதம் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஸ்டெல்லாமேரி வந்தாள். அவளுடைய புருஷனும் அதே தீயில் போனவர். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தாள், கையில் மெழுகு காய்ந்திருந்தது. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

"'இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு கேஸை மூடறதுக்கு நீயே கை தூக்கினியாமே'ன்னா. எனக்குப் புரியல. மறுநாளு அருளானந்தம் ஐயாகிட்ட அன்னைக்கு இன்னா படிச்சாங்கன்னு கேட்டேன். அந்த அறிக்கை மேல எந்த நடவடிக்கையும் வேணாம்னு தீர்மானமாம். என் கை இல்லன்னா பதினஞ்சுதான், தோத்திருக்கும்னாரு."

ஒரு பாத்திரம் நிறைந்து வழிந்தது. கமலவேணி எழுந்து அதை எடுத்துப் போய்க் கொட்டினாள்.

"அழுகை வரல" என்றார் தையல்நாயகி. "கோவமும் வரல. சாப்புடுறேன், தூங்குறேன். இந்தக் கை மட்டும் மரத்துப்போன மாரி கீது. இன்னொரு வாட்டி இதைத் தூக்க முடியாது. அதான் தேதியைப் போட்டேன்."

சகாயநாதன் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னார். தேதி வேறு கை என்று தான் எழுதிக் கொடுத்தால் கடிதம் செல்லாது. திங்கட்கிழமை அவர் மறுபடி அதே இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும். உண்மையை எழுதினால் ஆட்சி கவிழும். அடுத்து வருகிறவர்கள் அந்த அறிக்கையை எடுப்பார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

"எடுக்கலன்னா போவட்டும். அதுல என் கை இருக்கக் கூடாது" என்றார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சபாநாயகர் அறை வாசலில் ராஜாங்கம் காத்துக்கொண்டிருந்தார். சகாயநாதன் விஷயத்தைச் சொன்னார். ராஜாங்கம் நம்பவில்லை. அந்த அம்மாவுக்கு எழுதவே தெரியாது என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மெதுவாக, கடிதத்தில் இரண்டு மை இருப்பது உண்மைதானே, அதை மட்டும் எழுதினால் பொய் ஆகாதே என்றார். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். அப்படி எழுதினால் சந்தேகம் போதும், கடிதம் நின்றுவிடும்.

"மை ரெண்டு" என்றார் சகாயநாதன். "கை ஒண்ணுதான்."

"உங்களைக் கூட்டியாந்தது நானு."

"கையெழுத்தைப் பார்க்கத்தான் கூட்டியாந்தீங்க. பார்த்துட்டேன்."

ராஜாங்கம் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய கையைப் பார்த்துக் கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சபாநாயகரும் அதே கட்சிக்காரர்தான். சகாயநாதன் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேறு வழி எதுவும் புலப்படாதவராக, அந்த அம்மாவை அழைத்துவரச் சொன்னார். அவர் ஏற்கெனவே பஸ் பிடித்து வந்து தாழ்வாரத்து பெஞ்சில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தார்.

இது நீங்கள் கொடுத்ததுதானா என்று சபாநாயகர் கேட்டார். ஆமாம் என்றார். யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா, சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார்.

"இந்த சபையில யாரும் சொல்லாம நான் செஞ்சது இது ஒண்ணுதாங்க."

சபாநாயகர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கடிதத்தின் ஓரத்தில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. தையல்நாயகி பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கான சீட்டைக் கமலவேணி வாங்கி வைத்திருந்தாள். இருபுறமும் அவளும் சகாயநாதனும். கீழே முப்பத்து மூன்று இருக்கைகளில் ஒன்று காலி. ஏன் வந்தீர்கள் என்று கமலவேணி கேட்டதற்கு, எப்படி முடிகிறதென்று ஒரு தடவையாவது புரிந்து பார்க்க வேண்டும் என்றார். பேசுகிறவர்கள் சொல்வதைக் கமலவேணி ஒவ்வொன்றாக அவர் காதில் எளிமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை இன்றைக்குத்தான் உருப்படியாக உதவுகிறது என்றாள்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் சபாநாயகர்.

கீழே ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றினார். மாடத்தில் தையல்நாயகியின் வலக்கை மடியிலிருந்து எழும்பியது. அவர் இடக்கையால் அதைப் பிடித்து அழுத்தி, எண்ணி முடிக்கும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து. எதிராகப் பதினாறு. ஆட்சி விழுந்தது.

வெளியே படிக்கட்டில் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே எதிர்க்கட்சிக் கொறடா ஆதிமூலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தையல்நாயகியைக் கும்பிட்டார். இவ்வளவு பெரிய காரியத்தை அவர் செய்ததாகவும், தங்கள் கட்சி அதை மறக்காது என்றும் சொன்னார். நியமன உறுப்பினர் இடம் ஒன்று இப்போது காலியாக இருக்கிறது, அதற்கு அவர் பெயரையே டெல்லிக்கு அனுப்பலாம் என்று தலைவர் நினைக்கிறார் என்றார்.

கமலவேணி சகாயநாதனைப் பார்த்தாள்.

தையல்நாயகி, மில் அறிக்கையை எடுப்பீர்களா என்று கேட்டார்.

ஆதிமூலத்தின் சிரிப்பு குறையவில்லை. "மொதல்ல ஆட்சி அமையட்டும்மா. அப்புறம் எல்லாத்தையும் பார்த்துக்கலாம்."

"செரி" என்றார் தையல்நாயகி. "பார்த்துட்டு வந்து சொல்லுங்க. சாரத்துலதான் இருப்பேன்."

கூட்டத்தில் இடித்துக்கொள்ளாமல் ஓரமாக இறங்கினார். ஒரு நிமிஷம் நின்று, ஸ்டெல்லாமேரி வீடு முதலியார்பேட்டையில் எந்தப் பக்கம் என்று கமலவேணிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, விசாரித்துப் போகலாம் என்றாள் கமலவேணி. இருவரும் பூங்காவைக் கடந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். சகாயநாதன் கொஞ்சம் பின்தங்கி வந்தார்.